நம்ம ஊர்க் கேள்வி மந்திரி காதுக்கு எப்படிப் போகும்?

போன இதழில் சட்டசபைக் கேள்வி நேரத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு மேசை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. கோபியில் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் பத்து வருடம் தட்டச்சு செய்தவள் நான். அவர் சபைக்கு அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் நான் அடித்துக் கொடுத்தவைதான். அதனால் இந்த முறை சமையல், சேமிப்புக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, எங்கள் எம்.எல்.ஏ. சபையில் வாய் திறந்து நாங்கள் டிவியில் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணம், காதுகுத்து, எழவு எதையும் விடாமல் வந்துவிடுகிறார். இவரை எப்படி எடைபோடுவது? — வாசகி, காங்கேயம்

விசேஷத்துக்கு வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். எழவு வீட்டில் வந்து உட்காருகிறவரிடம்தான் ஜனங்கள் அடுத்த வாரம் கூச்சமில்லாமல் மனு கொடுப்பார்கள். ஆனால் 234 பேரில் ஒருவராக அவரைச் சென்னைக்கு அனுப்பியது அதற்காக மட்டும் இல்லையே.

டிவியை வைத்து முடிவு கட்டாதீர்கள். நம் சட்டசபையின் கேள்வி நேரம் நேரலையில் வரத் தொடங்கியதே 2022 ஜனவரியில்தான். எழுத்தில் பதில் வாங்குகிற கேள்விகள் அதில் வரவே வராது. நேராக அவர் அலுவலகத்துக்குப் போங்கள். "இந்தக் கூட்டத்தொடர்ல எத்தனை கேள்வி அனுப்பினீங்க, எதுக்கெல்லாம் பதில் வந்துச்சு, நகல் இருந்தா குடுங்க" என்று கேளுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு அந்தப் பத்து வருடத்தில் இப்படிக் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர், ஒரு ரிட்டையர்டு வாத்தியார். அவர் வந்துபோன மறுநாள் எம்.எல்.ஏ. என்னைக் கூப்பிட்டு, கேள்விகளுக்கென்று தனி ஃபைல் போடச் சொன்னார். ஒரே ஆள் கேட்டதற்கு அவ்வளவு பலன்.

எம்.பி. என்றால் இன்னும் சுலபம். நாடாளுமன்ற இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் கேள்வியும் மந்திரியின் பதிலும் வந்துவிடும்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி என்ன வித்தியாசம்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். — மாணவர், நாமக்கல்

குறி போட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலின் மேல் துணைக் கேள்வி கேட்கலாம். குறி இல்லாததற்கு எழுத்தில் மட்டும் பதில், துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு முதல் வகை 20, இரண்டாவது வகை 230. அந்த இருபதிலும் வாய்மொழியாக எட்டுவது பெரும்பாலும் ஐந்தாறுதான். மீதிக்கு எழுத்துப் பதில் வந்துவிடும்.

தேர்வுக்கு இதையும் குறித்துக்கொள்ளுங்கள். சபையில் கேள்வி கேட்கும் உரிமை 1892 சட்டத்தில் வந்தது, துணைக் கேள்வி 1909-ல் வந்தது. கேள்வி உரிமை கிடைத்த புதிதில், 1895-ல், சென்னை மாகாண சபைக்குப் போனவர் சேலம் விஜயராகவாச்சாரியார். 1933-34-ல் டில்லி மத்திய சட்டசபைக்குத் தலைவராக இருந்து அவையை நடத்தியவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். நம் பக்கத்து ஆட்களுக்கும் கேள்வி நேரத்துக்கும் பழக்கம் பழையது.

பனியன் கம்பெனியில் டெய்லர். மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். எங்க ஏரியா டிஸ்பென்சரியில் சர்க்கரை மாத்திரை பாதி நாள் இருப்பதில்லை. எம்.எல்.ஏ.விடம் சொன்னால் "அது சென்ட்ரல்" என்கிறார், எம்.பி. ஆபீஸில் "அது ஸ்டேட்" என்கிறார்கள். நான் யாரிடம் போவது? — வாசகர், திருப்பூர்

உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். மாதம் 480 ரூபாய் கட்டிவிட்டு மாத்திரையை வெளியே காசுக்கு வாங்குவது கொடுமை.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. பணம் போவது ஒன்றிய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் உள்ள ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனுக்கு. கார்ப்பரேஷனே நேரடியாக நடத்தும் ஆஸ்பத்திரிகளும் உண்டு, அவற்றைப் பற்றி எம்.பி. கேட்க வேண்டும். டிஸ்பென்சரிகளை நம் ஊரில் நடத்துவது மாநில அரசு. ஆகவே மாத்திரை, டாக்டர், திறந்திருக்கும் நேரம் எல்லாம் எம்.எல்.ஏ. கேட்க வேண்டிய கேள்வி. "அது சென்ட்ரல்" என்று அவர் மறுபடியும் சொன்னால் இந்தப் பக்கத்தை வெட்டிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த மாத்திரை, எந்தெந்தத் தேதியில் இல்லை என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பத்து பேர் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

எங்கள் குளத்துக்கு அத்திக்கடவுத் தண்ணீர் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. சபையில் இதை எப்படிக் கேட்க வைப்பது? — விவசாயி, அவினாசிப் பக்கம்

அறுபது வருடத்துக்கும் மேலாக நாம் கேட்டு வந்த திட்டம், 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாகப் போகும் தண்ணீரில் வருடத்துக்கு 1.5 டி.எம்.சி. எடுத்து, ஆறு இடத்தில் பம்ப் செய்து, 1,045 குளம் குட்டைகளுக்கு விடுவது ஏற்பாடு. உபரி ஓடினால்தான் பம்ப் ஓடும் என்பதை மனதில் வையுங்கள்.

"எங்கள் பகுதிக் குளங்களுக்குத் தண்ணீர் விட அரசு ஆவன செய்யுமா" என்று எழுதாதீர்கள். அதற்கு "திட்டம் செயல்பாட்டில் உள்ளது" என்று பதில் வரும், அவ்வளவோடு முடிந்தது. குளத்தின் பெயர், ஊர், சர்வே எண்ணோடு எழுதுங்கள்: "(அ) இக்குளம் 1,045 நீர்நிலைகளின் பட்டியலில் உள்ளதா? (ஆ) ஆம் எனில், இதுவரை எந்தெந்தத் தேதிகளில் நீர் விடப்பட்டது? (இ) விடப்படவில்லை எனில், குழாயில் பழுதா, வேறு காரணமா? (ஈ) எப்போது சரிசெய்யப்படும்?" இதற்கு நீர்வளத் துறைக்காரர்கள் குளத்துக்கு நேரில் வந்து பார்க்காமல் பதில் எழுத முடியாது. நம் கேள்வியின் பாதிப் பலன் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

அம்மிணி, எனக்கு வயது 78. "பரிசீலனையில் உள்ளது" என்கிற பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கேட்டு என்ன ஆகப்போகிறது? — வாசகர், அந்தியூர்

அய்யா, உங்களுக்கு என் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தொகுதியில் ஒரு அரசு ஆஸ்பத்திரி. "போதிய வசதிகள் செய்து தர அரசு ஆவன செய்யுமா" என்று ஒரு கேள்வியை நானே அடித்து அனுப்பினேன். "போதிய வசதிகள் உள்ளன" என்று பதில் வந்தது. நான் அதை ஃபைலில் கோத்துவிட்டு மறந்துபோனேன்.

சில மாதம் கழித்து எங்கம்மா களத்துமேட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே அறை திறந்தே இருந்தது. மிஷின் மேல் பச்சைத் துணி போர்த்தி, அதன் மேல் பழைய ஓ.பி. சீட்டுக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். துணியின் மடிப்பில் தூசி படிந்து கோடு கோடாக இருந்தது. "மிஷின் நல்லாத்தான் இருக்குதுங்க்கா, எடுக்கத்தான் ஆளில்லீங். ஈரோட்டுக்குப் போயிருங்க" என்றார் நர்ஸ். அம்மா கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தார்.

அன்று ராத்திரி அலுவலகச் சாவியை வாங்கிக்கொண்டு போய் மறுபடியும் அடித்தேன். எக்ஸ்ரே கருவி எந்த ஆண்டு வாங்கப்பட்டது? டெக்னீஷியன் பணியிடம் எத்தனை மாதமாகக் காலி? எப்போது நிரப்பப்படும்? அடுத்த கூட்டத்தொடரில் அது நட்சத்திரக் கேள்வியாக வந்தது. பணியிடம் 14 மாதமாகக் காலி, விரைவில் நிரப்பப்படும் என்றார் மந்திரி. எங்கள் எம்.எல்.ஏ. விடவில்லை. "விரைவில் என்றால் எந்த மாதம் என்பதை மாண்புமிகு பேரவைத் தலைவர் வாயிலாக அறிய விரும்புகிறேன்" என்றார். "மூன்று மாதத்துக்குள்" என்று பதில் வந்தது.

அந்த இரண்டு வார்த்தைதான் பிடி. சபையில் மந்திரி ஒன்றைச் செய்வதாகச் சொன்னால் அது உறுதிமொழி ஆகிவிடும். சொன்னபடி நடந்ததா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்று சட்டசபையில் ஒரு குழு இருக்கிறது. மாவட்டம் மாவட்டமாக வந்து அதிகாரிகளைக் கேட்கும். "பரிசீலனையில் உள்ளது" என்பதோடு விட்டால் பிடி நழுவிவிடும், மாதம் கேட்டு வாங்கினால் நழுவாது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஐந்தாவது மாதம் டெக்னீஷியன் வந்தார். மாற்றுப் பணியில்தான், செவ்வாய், வியாழன், சனி மட்டும். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று நாளில் எத்தனை பேர் ஈரோட்டு பஸ் ஏறாமல் வீடு திரும்பினார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெரிய இடத்துக் கதையும் உண்டு. 1957-ல் எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்பவரின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது பற்றி மக்களவையில் கேள்வி கிளம்பியது. விடாமல் பிடித்தவர் ஃபெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சி எம்.பி., பிரதமர் நேருவின் மருமகன் வேறு. விசாரணைக் கமிஷன் வந்தது. 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆளுங்கட்சிக்காரர் கேட்கக் கூடாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எங்கள் மலை ஊருக்குச் சாயங்கால பஸ் நின்று எட்டு மாதம் ஆகிறது. பத்தாவது படிக்கிற என் மகள் கடைசி நாலு கிலோமீட்டர் நடந்து வருகிறாள், யானை வருகிற வழி. டெப்போவில் கேட்டால் "ஆள் பத்தலை" என்கிறார்கள். நான் எழுத்தாளி இல்லை, எப்படி எழுதுவது? — ஒரு தாய், சத்தியமங்கலத்துக்கு மேலே

கண்ணு, நீங்கள் எனக்கு எழுதியதே போதும், இதைவிட நன்றாக யாராலும் எழுத முடியாது. நான்கு விஷயம் மட்டும் சேர்த்துக் கொடுங்கள்: பஸ்ஸின் தடம் எண், கடைசியாக வந்த தேதி, மலையிலிருந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர், நடக்கிற தூரம். ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு எம்.எல்.ஏ.விடம் கொடுங்கள். ஒரு பிரதி சட்டசபையின் மனுக்கள் குழுவுக்கும் அனுப்புங்கள், பொதுமக்கள் நேரடியாக அனுப்பலாம். கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள், கேள்விக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டியிருக்கும். அதுவரை பிள்ளைகள் தனித்தனியாக வராமல் ஒன்றாகச் சேர்ந்து வரட்டும், கூடப் பெரியவர் ஒருவர் போய்வர ஊரில் முறை வைத்துக்கொள்ளுங்கள். மனுவின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். அடிக்க ஆள் இல்லையென்றால் நானே அடித்துத் தருகிறேன்.