ஏழு மாதக் குழந்தைக்கு சென்ஸரி பிளே வகுப்பு தேவையா?

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “எனக்கு ஏழு மாதப் பெண் குழந்தை. சத்துவாச்சாரி பக்கம் கைக்குழந்தைகளுக்கு சென்ஸரி பிளே, அதாவது தொட்டும் பார்த்தும் கேட்டும் விளையாடும் வகுப்பு நடத்துகிறார்கள். வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம், மாதம் 2,000 ரூபாய். நானும் கூடவே உட்கார வேண்டுமாம். ‘உட்காரவே தள்ளாடுற புள்ளைக்கு என்னம்மா கிளாஸு’ என்று மாமியார் சிரிக்கிறார். சேர்க்கலாமா, இல்லை வீட்டிலேயே செய்துவிடலாமா?”

சேர்க்கலாம். சேர்க்காவிட்டாலும் உங்கள் மகளுக்கு எதுவும் குறைந்துவிடாது. மூளை வேகமாக வளரும், பேச்சு சீக்கிரம் வரும் என்று நோட்டீஸில் போட்டிருந்தால் அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். வாரத்துக்கு முக்கால் மணி நேரத்தில் அப்படியெல்லாம் நடக்காது. ஆனால், பிரசவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் அம்மா, அதே வயதுக் குழந்தை வைத்திருக்கும் நாலு பேரைப் பார்த்துப் பேசப் போகிறேன் என்றால் நான் உடனே சரி என்பேன்.

ஏழாம் மாதத்தில் குழந்தைக்குக் கையைவிட வாய்தான் பெரிய ஆராய்ச்சிக்கூடம். வழவழப்பா, சொரசொரப்பா, குளிர்ச்சியா என்று எதையும் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். அப்புறம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும், தரையில் தட்டும், கீழே போட்டுவிட்டு எங்கே போனது என்று எட்டிப் பார்க்கும். இதற்கெல்லாம் இடமும் நேரமும் பொருளும் கொடுப்பதுதான் சென்ஸரி பிளே. வகுப்பில் சோப்புக் குமிழி, மெல்லிய துணி, கிலுகிலுப்பை, வேகவைத்த ஜவ்வரிசி என்று வைப்பார்கள்.

எல்லாம் வாய்க்குப் போகும் என்பதால் வகுப்பில் முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது தரையில் என்ன கிடக்கிறது என்பதை. சாயம் போட்ட பச்சரிசி, பருப்பு, புளியங்கொட்டை, தெர்மகோல் உருண்டை, ஜிகினாத்தூள் இவற்றில் எது இருந்தாலும் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்த இடம் சரிப்படாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மோசம், தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் கலர் ஜெல்லி உருண்டைகள். வாட்டர் பீட்ஸ் என்பார்கள். விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் ஊதும், குடலை அடைக்கும், சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆபரேஷன் வரை போகும். அதைக் கண்டால் பேச்சே வேண்டாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

டிவியில் கார்ட்டூன் பாட்டு ஓடவிட்டு நடத்தும் வகுப்பும் வேண்டாம். ஒரு வயது வரை திரையே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன வழிகாட்டுதல். தவழத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும் நேரத்தில், விட்டு விட்டு, நாளுக்கு 30 நிமிடமாவது குப்புறப் படுக்கவிட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அதற்கு ஒரு பாய் போதும், ஃபீஸ் கிடையாது.

நல்ல ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தைக்குப் போதும் என்றாகும் நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வது, விரல்களை அகல விரிப்பது, முதுகை வில்லாக வளைப்பது, தூக்க நேரமே இல்லாதபோது கொட்டாவி, திடீர் விக்கல் எல்லாம் அழுகைக்கு முன்னால் வரும் அறிகுறிகள். தெரிந்தவர் உடனே சத்தத்தைக் குறைத்து, “கொஞ்சம் தோளில் போட்டுக்கோங்க” என்பார். தெரியாதவர் இன்னொரு கிலுகிலுப்பையை எடுத்து முகத்துக்கு நேரே ஆட்டுவார். ஒன்றரை வயதுக்காரர்களையும் கைக்குழந்தைகளையும் ஒரே பாயில் விடாமல் இருக்கிறார்களா, பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கிறார்களா என்றும் கேளுங்கள். மே மாத வேலூர் வெயிலில் பதினொரு மணி வகுப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், மறுத்துவிடுங்கள்.

உங்கள் மாமியார் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கிச் சோறு ஊட்டி, இரண்டு விரலை நண்டாக்கிக் கை மேலே ஊரவிடும் ஆட்டத்தை அவர் ஆடும்போது பாருங்கள். அக்குளுக்குச் சற்று முன்னால் விரலை நிறுத்துவார். குழந்தை அசையாமல் அவர் முகத்தையே பார்க்கும். அடுத்து வரப்போவது அதற்குத் தெரியும், கிச்சுகிச்சு மூட்டுவதற்கு முன்பே தோளைக் குறுக்கிக்கொள்ளும். தொடுதல், ஓசை, எதிர்பார்ப்பு மூன்றும் அதில் இருக்கின்றன. எண்ணெய் தேய்த்துவிடுவதும் நல்ல விளையாட்டுதான். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் பக்குவமாகப் பேசி நிறுத்துங்கள். மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.

வீட்டில் செய்வதென்றால் கேழ்வரகுக் கூழிலிருந்து தொடங்கலாம், நம் பக்கம் அதற்கா பஞ்சம்? உப்பு, சர்க்கரை போடாமல் கெட்டியாகக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, எவர்சில்வர் தாம்பாளத்தில் இரண்டு கரண்டி விடுங்கள். தேனும் சேர்க்காதீர்கள், ஒரு வயதுக்குள் அது கூடவே கூடாது. குழந்தையை உங்கள் மடியிலோ கால்களுக்கு நடுவிலோ உட்காரவையுங்கள். முதலில் ஒரு விரலால் தொட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், உங்களைத் திரும்பிப் பார்க்கும். நீங்கள் அதன் கையைப் பிடித்து அழுத்தாமல் சும்மா இருந்தால், கொஞ்ச நேரத்தில் முழுக்கையால் ஓங்கி அடிக்கும். உங்கள் புடவையெல்லாம் கூழ் ஆகும், பழைய நைட்டியில் உட்காருங்கள். இன்னொரு நாள் கோரைப்பாய், ஈரத் துண்டு, மரக்கரண்டி, முழுச் சுரைக்காய் என்று மாற்றிக் கொடுங்கள். இலவம்பாடிக் கத்தரிக்காய் பார்க்க அழகுதான், முள் இருப்பதால் இந்த ஆட்டத்தில் அதைச் சேர்க்க முடியாது. அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து விளையாடவிட்டால், போன் அடித்தாலும் நகராதீர்கள். இரண்டு அங்குலத் தண்ணீரும் ஆபத்து.

ஒன்றை மட்டும் வகுப்பு சரிசெய்யும் என்று காத்திருக்காதீர்கள். சத்தம் வரும் பக்கம் குழந்தை திரும்பவில்லை, பொருளை எட்டிப் பிடிப்பதில்லை, ஒரே கையை மட்டும் பயன்படுத்துகிறது, உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது, முகம் பார்த்துச் சிரிப்பதில்லை என்றால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போகலாம். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.