ஸ்மைலியின் கண்ணாடி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதற்காக பிபிசியின் ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ தொடரின் ஏழு பகுதிகளையும் பார்த்து முடித்தேன். கதை பிடித்தது. ஸ்மைலி என்ற உளவாளியாக வரும் அலெக் கின்னஸ்தான் ஏமாற்றிவிட்டார். வருகிறார், உட்கார்கிறார், அடுத்தவர் பேசுவதைக் கேட்கிறார், கண்ணாடியைத் துடைக்கிறார், போகிறார். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திலும் ஏறக்குறைய இதே முகம். இதையா பெரிய நடிப்பு என்கிறார்கள்? ஒரே படத்தில் எட்டு வேடம் போட்டவர் என்றும் படித்தேன். கணினி இல்லாத காலத்தில் அதை எப்படி எடுத்தார்கள்? இவரை எங்கிருந்து பார்க்கத் தொடங்கவேண்டும்?

க., மதுரை

அன்புள்ள க.,

நீங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். கின்னஸிடம் காலைப் பார்க்கவேண்டும். ஒரு பாத்திரத்தின் நடை கிடைக்கும்வரை அந்தப் பாத்திரம் தன் கைக்கு வரவில்லை என்றே அவர் நினைப்பார். அதற்காகத் தெருவில் போகிறவர்களின் பின்னால் நடந்து அவர்கள் அடி வைப்பதைப் பழகுவார். நடை அமைந்த பிறகு உடை, கண்ணாடி, குடை. முகம் கடைசியில்தான், அதுவும் எவ்வளவு குறைக்கமுடியுமோ அவ்வளவு குறைத்து.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ (1957). ஜப்பானியச் சிறை முகாமில் கின்னஸ் நடிக்கும் பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சனைத் தகரக் கூண்டில் அடைத்து வெயிலில் வாட்டுகிறார்கள். பல நாள் கழித்து வெளியே விடும்போது அவர் முகாம் தலைவன் சைட்டோவின் இடம்வரை தானே நடந்து போகிறார். முழங்கால் பிடிக்கவில்லை, கால் ஒரு பக்கம் இழுக்கிறது, இடுப்புக்கு மேலே மட்டும் ராணுவ விறைப்பு. கின்னஸின் மகன் சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, பிறகு மெல்ல மீண்டவன். தேறிவரும் நாட்களில் அவன் நடந்த நடை அது. தான் செய்தவற்றில் மிகச் சிறந்தது அந்தச் சில அடிகள்தான் என்று கின்னஸ் பின்னாளில் கருதினார். ஆஸ்கர் வாங்கித் தந்த படம் அது.

அந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கல அருகே களனி கங்கைக் கரையில். பாலத்தின் அடித்தளங்களை இன்றும் அங்கே பார்க்கலாம். இடையில் ஒன்று: படத்தின் கதைக்குப் பின்னணியான உண்மையான சயாம் – பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். படத்தில் அவர்கள் இல்லை. நம்மவர்கள் அந்தப் படத்தைப் பார்க்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எட்டு வேடத்துக்கு வருகிறேன். ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’, 1949, ஈலிங் ஸ்டூடியோ, இயக்கம் ராபர்ட் ஹாமர். பிரபுப் பட்டத்துக்காக ஒரு குடும்பத்தையே வரிசையாகத் தீர்த்துக்கட்டும் இளைஞனின் கதை. முதலில் கின்னஸிடம் அந்தக் குடும்பத்தில் நான்கு வேடங்களுக்குத்தான் கேட்டார்கள்; நான்கு எதற்கு, எட்டும் நானே செய்கிறேனே என்றவர் அவர். டியூக், வங்கி முதலாளி, பாதிரியார், தளபதி, கடற்படை அட்மிரல், இரண்டு இளைஞர்கள், லேடி அகதா என்ற பெண்மணி.

பெரும்பாலான காட்சிகளில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வருவார் என்பதால் அதில் சிக்கல் இல்லை. சிக்கல் தேவாலயக் காட்சியில். அங்கே ஒரே ஷாட்டில் ஆறு பேர் தெரிகிறார்கள், ஆறு பேரும் கின்னஸ். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் செய்தது நம் சினிமாக்காரர்கள் மாஸ்க் ஷாட் என்று சொல்லும் அதே வேலைதான், ஆனால் ஆறு மடங்கு. கேமராவை அசையாமல் நிறுத்தி, லென்ஸுக்கு முன்னால் மறைப்பு வைத்து ஃபிரேமின் ஒரு பகுதியை மட்டும் திறக்கவேண்டும். கின்னஸ் பாதிரியாராக நடித்து முடித்ததும் பிலிமைத் தொடங்கிய இடத்துக்கே திருப்பிச் சுற்றி, அந்தப் பகுதியை மூடி, அடுத்ததைத் திறக்கவேண்டும். அதற்குள் அவர் ஒப்பனையை மாற்றிக்கொண்டு வரவேண்டும். இப்படி ஆறு முறை, ஒரே நெகட்டிவில்.

என்னென்ன கெடும் என்று யோசித்துப் பாருங்கள். கேமரா ஒரு மயிரிழை நகர்ந்தால் இரண்டு பேருக்கு நடுவே கோடு விழும். விளக்கின் அளவு மாறினால் ஒரு முகம் வெளுத்துப்போகும். கை மறைப்பின் எல்லையைத் தாண்டினால் பாதிக் கை காணாமல் போகும். திருப்பிச் சுற்றும்போது கணக்குத் தவறினால் பக்கத்தில் இருப்பவர் திரும்புவதற்கு முன்பே இவர் அவருக்குத் தலையாட்டியிருப்பார். ஆறாவதில் பிழை வந்தால் முந்தைய ஐந்தும் குப்பை. அந்த ஒரு ஷாட்டுக்குச் சில நாட்கள் ஆயின. யாரும் தெரியாமல் கேமராவைத் தட்டிவிடக்கூடாது என்று ஸ்லோகோம்ப் இரவில் ஸ்டூடியோவிலேயே படுத்துக்கொண்டார்.

இதெல்லாம் கேமராக்காரரின் சாமர்த்தியம். நடிகரின் சாமர்த்தியம் வேறு. எட்டுப் பேரும் ஒரே ரத்தம் என்பதால் முற்றிலும் வேறு வேறு முகங்களாகப் போகவும் கூடாது. ஆகவே ஒட்டு மீசையும் நரையும் ஓரளவுக்குத்தான். மிச்சத்தை உட்காரும் விதம், கழுத்து, குரல் மூன்றும் பார்த்துக்கொள்கின்றன. பாதிரியாரின் இழுவைப் பேச்சையும் தளபதியின் பேச்சையும் அடுத்தடுத்துக் கேட்டால் புரியும்.

இப்போது உங்கள் புகார். ஸ்மைலியை ஏற்றபோது கின்னஸுக்கு அறுபத்தைந்து வயது. ஜான் லெ காரேயின் நாவலில் ஸ்மைலி குள்ளம், பருமன். தான் அப்படி இல்லையே என்ற தயக்கம் கின்னஸுக்கே இருந்தது. உளவுத்துறைக்காரர் ஒருவரைப் பார்க்கவேண்டும் என்றார். லெ காரே அவரை பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்ஐ6இன் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற மாரிஸ் ஓல்ட்ஃபீல்டுடன் மதிய உணவுக்கு உட்காரவைத்தார். கின்னஸ் அங்கிருந்து எடுத்துக்கொண்டது ரகசியங்களை அல்ல: பகட்டான கஃப்லிங்க்ஸ் (சட்டைக்கைப் பொத்தான்கள்), ஸ்வேட் தோல் பூட்ஸ், ஒழுங்காகச் சுருட்டாத குடை. டையின் அகலமான முனையால் கண்ணாடியைத் துடைக்கும் பழக்கம் நாவலிலேயே உள்ளது.

அந்தத் தொடரின் கதை அமைப்பைக் கவனியுங்கள். நடந்தது எல்லாவற்றையும் வேறு யாராவதுதான் சொல்கிறார்கள். ஸ்மைலிக்கு வேலை கேட்பது. சொல்கிறவர் உண்மை சொல்கிறாரா, மழுப்புகிறாரா என்று தெரிந்துகொள்ள நாம் ஸ்மைலியின் முகத்தைத்தான் பார்ப்போம். அவர் புருவத்தை உயர்த்திவிட்டால் நமக்கு விடை தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் பகுதிகளைப் பார்க்கவே வேண்டாம். அதோடு தொலைக்காட்சியில் க்ளோசப் அதிகம். மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டிய முகபாவத்தை அங்கே செய்தால் கோரமாக இருக்கும். 1938இல் லண்டனின் ஓல்ட் விக் நாடக அரங்கில் ஹாம்லெட் நடித்தவர் அவர். பெரிதாகச் செய்யத் தெரியாதவர் அல்ல.

உளவுத்துறையிலிருந்து ஓய்வுபெற்ற கானி சாக்ஸை ஸ்மைலி போய்ப் பார்க்கும் காட்சி நினைவிருக்கிறதா? கானியாக வரும் பெரில் ரீட் அதில் சிரிக்கிறார், கலங்குகிறார், பழைய நாட்களில் மூழ்கிப்போகிறார். கின்னஸ் அவரை எதிலும் தடுப்பதில்லை. ஆனாலும் பேச்சு பாலியாகோவ் என்ற சோவியத் அதிகாரியின் பெயருக்கே திரும்பத் திரும்ப வந்து சேர்கிறது. பரிவாகக் கேட்பதும் விசாரணை நடத்துவதும் ஒரே முகத்தில் நடக்கின்றன. அந்த அம்மாளுக்கு முதலாவது தெரிகிறது, நமக்கு இரண்டும் தெரிகின்றன. கண்ணாடி துடைப்பதும் சும்மா இல்லை. துடைக்கிற நேரத்தில் எதிரில் இருப்பவரால் அவர் கண்ணைப் படிக்கமுடியாது.

எல்லாமே வெற்றி என்று சொல்லமாட்டேன். ‘ஆலிவர் ட்விஸ்ட்’ (1948) படத்தில் யூதத் திருடர் தலைவன் ஃபேகினாக அவர் வைத்துக்கொண்ட மூக்கு பழைய நாவல் சித்திரத்திலிருந்து எடுத்தது. யூதர்கள் கொதித்தார்கள், அமெரிக்காவில் 1951இல்தான், அதுவும் வெட்டப்பட்டு, வெளியானது. கொதிப்பு நியாயமானதே. ‘எ பாசேஜ் டு இந்தியா’வில் (1984) பேராசிரியர் காட்போலே இன்னும் மோசம். தோலுக்குச் சாயம் பூசிக்கொண்டு ஒரு பிராமணராக வருகிறார். அதே படத்தில் விக்டர் பானர்ஜியும் ரோஷன் சேத்தும் சயீத் ஜாஃப்ரியும் இருக்கும்போது அந்தச் சாயம் மட்டும்தான் கண்ணில் படுகிறது. தெருவில் பின்தொடர்ந்து பார்த்த நடை அதில் இல்லை என்பது என் எண்ணம். அவர் நடனமாடிய பகுதியை லீன் வெட்டினார், கின்னஸுக்கு வருத்தம். எனக்கு இல்லை.

‘ஸ்டார் வார்ஸ்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வசனங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை, லாபத்தில் கிடைத்த இரண்டே கால் சதவீதப் பங்கு கடைசிக்காலம்வரை வசதியாக வைத்திருந்தது. இருந்தும் சுற்றிலும் பொம்மைகளும் ரோபோக்களும் நிற்க, அவற்றை நம்புகிற ஒரு மனிதராக அங்கே அவர் நிற்கிறார். துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை அதற்குத்தான்.

எங்கிருந்து தொடங்குவது? ‘கைண்ட் ஹார்ட்ஸ்’ முதலில். அடுத்து ‘தி லாவண்டர் ஹில் மாப்’ (1951), தங்கக் கட்டிகளை ஈஃபில் கோபுரப் பொம்மைகளாக உருக்கிக் கடத்தும் சாதுவான வங்கி ஊழியர், நன்றாகச் சிரிக்கலாம். பிறகு ‘க்வாய்’. அதன்பின் ‘ஸ்மைலிஸ் பீப்பிள்’ (1982), ஆறு பகுதிகள். அதற்குப் போகும் முன், ‘டிங்கர் டெய்லர்’ தொடரில் அந்தக் கானி காட்சியை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டு இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். பெரில் ரீடிடம்தான் கண் போகும். போகவிடாதீர்கள்.