போயர் போர்க்காலச் சிப்பாய்களின் கடிதங்களைச் சேகரிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பத்து வருடமாக இதில் காசைக் கரைத்தவன் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன்: முதலில் ஸ்டாம்பை மறந்துவிடுங்கள். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில், டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களோடு சண்டையிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் பெரும்பாலும் விக்டோரியா ராணி தலை போட்ட 1 பென்னி ஊதா ஸ்டாம்புதான் இருக்கும். அதைத் தனியாக விற்றால் டீச் செலவுக்குத் தேறுவதே கஷ்டம். அதன்மேல் விழுந்திருக்கும் போர்க்களத் தபால் நிலைய முத்திரைக்குத்தான் விலை. அதனால் கவரைத் தண்ணீரில் ஊறவைத்து ஸ்டாம்பைப் பிரிக்கும் வேலை வேண்டாம். உள்ளே கடிதமும் இருந்தால் விடவே விடாதீர்கள்.

எனக்கு இந்தப் புத்தி வந்த கதை வேறு. ஒரு கண்காட்சியில் ஸ்டாம்பே இல்லாத அழுக்குக் கவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, குறைப்பட்டது என்று திருப்பி வைத்தேன். 'ஸ்டாம்ப் கிடைக்கவில்லை' என்று மூலையில் ஆங்கிலத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. அத்துவானப் புல்வெளியில் சிப்பாய் ஸ்டாம்புக்கு எங்கே போவான்? அப்படி எழுதிப் போட்டால், ஊரில் இருப்பவர் 1 பென்னி கொடுத்து வாங்கிக்கொள்வார். ஸ்டாம்ப் இல்லாததுதான் அந்தக் கவரின் மதிப்பே. எனக்குப் பின்னால் நின்றவருக்கு அது தெரிந்திருந்தது.

அப்புறம், தேதி. பிரிட்டிஷ் படை இருந்த லேடிஸ்மித் என்ற ஊர் 1899 நவம்பர் 2 முதல் 1900 பிப்ரவரி 28 வரை போயர்களின் முற்றுகையில் கிடந்தது. டிசம்பரில் அங்கே முத்திரை விழுந்து ஜனவரியில் லண்டன் சேர்ந்ததாக ஒரு கவரைக் காட்டினால், ஊரைவிட்டு எப்படி வெளியே வந்தது என்று கேளுங்கள். அதேபோல முற்றுகையில் கிடந்த இன்னொரு ஊரான மாஃபெகிங்கில் அப்போது அங்கேயே தயாரித்த நீல ஸ்டாம்புகள் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம், போலிகள் உண்டு.

இதற்கு முன் அதே தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷார் ஜூலு மக்களோடு நடத்திய 1879 போரின் கவர்களுக்கு என் பர்ஸ் தாங்காது. கண்ணில் பட்டால் முகப்பைப் படியுங்கள்: சிப்பாய் 1 பென்னிச் சலுகைக் கட்டணத்தில் கடிதம் அனுப்ப, அவன் பெயர், எண், படைப்பிரிவு, கூடவே கட்டளை அதிகாரியின் கையெழுத்து வேண்டும்.

கையில் காசு குறைவென்றால் எதிர்த்தரப்பையும் பாருங்கள். பிடிபட்ட போயர்களை இலங்கையில் தியத்தலாவைக்கும், இங்கே நம் திருச்சிக்கும் கப்பலேற்றிக் கொண்டுவந்து அடைத்தார்கள். தணிக்கை முத்திரையோடு தியத்தலாவைக் கவர் ஒன்று என்னிடம் இருக்கிறது. திருச்சிக் கவர் இன்னும் அகப்படவில்லை. யாரிடமாவது இருந்தால், விற்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்கள்.