ஓவியத்தில் ஒருவரையொருவர் தொட்டு நிற்பவர்களைக் கணவன் மனைவி என்று உறுதியாகச் சொல்லலாமா?

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ‘யூத மணமகள்’ ஓவியத்தில் ஆணின் கை பெண்ணின் மார்பில் படிந்திருப்பதே அவர்கள் கணவன் மனைவி என்பதற்குப் போதிய சான்றல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அதே கையைப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டில், யூதத் தந்தை ஒருவர் மணமகளான தம் மகளுக்குக் கழுத்தணி பூட்டுகிறார் என்று பொருள் கொண்டார்கள். படத்தின் பெயரும் அப்படி வந்ததே. 1665க்கும் 1669க்கும் இடையில் தீட்டப்பட்ட இதனை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் இன்று ‘ஈசாக்கும் ரெபெக்காளும்’ என்றே, அதாவது விவிலியத்தில் வரும் கணவன் மனைவியாகவே, குறிக்கிறது. ரெம்பிராண்டே வரைந்த ஒரு கோட்டுச்சித்திரம் அதற்குத் துணை நிற்கிறது: உயிருக்கு அஞ்சி மனைவியைச் சகோதரி என்று சொல்லியிருந்த ஈசாக்கு அவளோடு கொஞ்சுவதை அபிமெலேக்கு அரசன் ஒளிந்து பார்க்கிறான். ஓவியத்தில் அரசன் இல்லை. அந்த வேடத்தில் நின்றவர்கள் யார் என்பதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குத் தொழிலே காரணம். ராயபுரம் கல்மண்டபம் பக்கம், புகைப்படத்தைப் பார்த்து ஆயில் பெயிண்டில் உருவப்படம் வரைந்து பிழைத்தவன் நான். காசிமேட்டைச் சேர்ந்த ஒருவர், தாயாரின் பதினாறாம் நாள் படத்திறப்புக்காக, அவருடைய பாஸ்போர்ட் அளவுப் படத்தையும் முன்பே காலமான தந்தையின் பழைய மார்பளவுப் படத்தையும் கொடுத்து, இருவரையும் சேர்த்து வரையச் சொன்னார். அவர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. கட்டம் போட்டு இரு முகங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழும்படி நிழல்களை மாற்றி, தாயாரின் தலையைச் சற்றே சாய்த்து, அவர் தோள்மேல் தந்தையின் கையை வைத்தேன். அந்தக் கை உண்மையில் என் மைத்துனருடையது. அவரைக் கடையில் நிறுத்திப் பார்த்து வரைந்தேன். படத்திறப்பன்று உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், “அந்த ஆளு ஒருநாள்கூட அவ தோள் மேல கை போட்டதில்லப்பா” என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மகனோ, அப்பா எப்போதும் அப்படித்தான் நிற்பார் என்று வந்தவர்களிடமெல்லாம் கூறிக்கொண்டிருந்தார்.

ஆகையால் அந்த ஓவியத்தில் பெண்ணின் விரல்கள் ஆணின் கையை மெல்லத் தொடுவதையும், இருவர் பார்வையும் சந்திக்காததையும் கவனியுங்கள். ஓவியர் எத்தகைய நெருக்கத்தைக் காட்ட விரும்பினார் என்பது அவற்றில் தெரியும். நிற்பவர்களின் பெயரை ஆவணங்களில்தான் தேட வேண்டும்.

ரெம்பிராண்டோடு என்னை ஒப்பிடுவதாக எவரும் பாய வேண்டாம். மூல ஓவியத்தை நான் நேரில் கண்டவனுமல்லன். ஆயினும், புகைப்படத்தை நகலெடுப்பவன் என்று சொல்லி ஓர் ஓவியக் கண்காட்சியில் என் படங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கையை எந்தப் புகைப்படத்திலிருந்து நகலெடுத்தேன் என்று அவர்கள் சொல்லட்டும்.