அப்பா கொடுத்த பவர், அவருக்கு ஞாபகம் போன பிறகும் செல்லுமா?

வாசகி ஒருத்தர் கேட்டிருக்காங்க: "அப்பாவுக்கு 74 வயசு, இப்பல்லாம் கொஞ்சம் மறதி. பேங்க், வாடகை, வரி எல்லாத்தையும் நீயே பாத்துக்கோம்மான்னு சொல்றார். ஒரு ஜெனரல் பவர் எழுதி வாங்கிட்டா போதுமா, நாளைக்கு அவருக்கு சுத்தமா நினைவு தப்பிட்டாலும் அது செல்லுமா?"

பவர்னா, தனக்கு பதிலா காரியம் பாக்க இன்னொருத்தருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கற பத்திரம். அத வாங்கற நிறைய பேர் இந்த ரெண்டாவது பாதிய கேக்கறதே இல்லைங்க, கேக்காம விட்டுட்டு அப்புறம் தவிக்கறாங்க. இதுக்கு பதில், எந்த நாட்டு சட்டப்படி எழுதறீங்கங்கறத பொறுத்தது. இந்தியாவுல 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டம் 201ஆவது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் இறந்துட்டாலோ சித்தசுவாதீனம் இல்லாம போயிட்டாலோ ஏஜென்ட்டோட, அதாவது பவர் வாங்கினவரோட, அதிகாரம் முடிஞ்சுடும். அதாவது எந்த நாள நினைச்சு பயந்து எழுதி வச்சீங்களோ அந்த நாள்லயே அது கைய விட்டுடும். அதுக்கப்புறம் என்னை கார்டியனா போடுங்கன்னு கோர்ட்டுலதான் கேக்கணும், கோமாவுல இருக்கறவங்களுக்கு குடும்பத்துல ஒருத்தர கார்டியனா போட்டு ஹைகோர்ட்டுகள் உத்தரவு கொடுத்திருக்கு, ஆனா ஆஸ்பத்திரிக்கும் வக்கீல் ஆபீசுக்கும் நடுவுல அந்த அலைச்சல் ரொம்ப பெருசு.

இங்கிலாந்துல அப்படி இல்ல. அங்க 2005ஆம் வருஷ மென்டல் கெப்பாசிட்டி சட்டத்துல வந்த லாஸ்டிங் பவர், முடிவெடுக்கற திறன் போன பிறகும் நிக்கும். பணம் சொத்துக்கு ஒண்ணு, உடம்பு சிகிச்சைக்கு ஒண்ணுன்னு தனித்தனி, பப்ளிக் கார்டியன் ஆபீஸ்ங்கற அரசு அலுவலகத்துல பதிவு பண்ணாத்தான் உபயோகிக்கவே முடியும். சிங்கப்பூர்லயும் இதே மாதிரி ஏற்பாடு இருக்கு. அமெரிக்காவுல இத டியூரபிள் பவர்னு சொல்வாங்க.

எந்த நாடா இருந்தாலும் ஒண்ணு பொது: கையெழுத்து போடற நேரத்துல அப்பாவுக்கு தெளிவு இருக்கணும். மறதி இருக்குன்னாலே அவர் கையெழுத்து செல்லாதுன்னு அர்த்தம் இல்ல, யாருக்கு கொடுக்கறோம், எதுக்கு கொடுக்கறோம், அவங்க தப்பா நடந்தா என்ன ஆகும்னு அந்த நேரத்துல அவருக்குப் புரிஞ்சா போதும். அதனால தள்ளிப்போடாதீங்க, அவரு நல்லா இருக்கற ஒரு காலைநேரமா பாத்து, அன்னைக்கே டாக்டர்கிட்ட தெளிவா இருக்கார்னு ஒரு சர்ட்டிஃபிகேட்டும் வாங்கி வச்சுக்கோங்க.

அடுத்து பத்திரத்தோட வாசகம். "என் சார்பில் எல்லா காரியங்களையும் செய்ய"ன்னு ஒரே வரியில முடிச்சுடாதீங்க. என்கிட்ட வந்த ஒருத்தரோட பத்திரத்துல வாடகை வாங்க, வழக்கு நடத்த, வீட்ட விக்கன்னு எல்லாம் இருந்துச்சு, பேங்க் ஆபீசர் பக்கம் பக்கமா விரல வச்சு தேடிப் பாத்துட்டு, டெபாசிட்ட முடிச்சு பணம் எடுக்கறதுக்கு இதுல ஒரு வரி கூட இல்லைங்களேன்னு திருப்பி நீட்டிட்டாரு, அந்த டெபாசிட்தான் அவங்க அம்மாவோட ஆபரேஷனுக்கு வச்சிருந்த பணம். அதனால கணக்கு நம்பர், டெபாசிட், வரி ரிட்டர்ன், இன்ஷூரன்ஸ்னு ஒண்ணொண்ணா எழுதுங்க. வீட்ட விக்கற அதிகாரம் உங்களுக்கு இப்ப தேவையில்லைன்னா அத சேக்கவே வேணாம், இத நான் அழுத்தியே சொல்வேன், பெரும்பாலான குடும்பச் சண்டை அந்த ஒரு வரியிலதான் ஆரம்பிக்குது.

இந்தியாவுலன்னா பவர மட்டும் நம்பாம, அப்பா சம்மதத்தோட பேங்க் கணக்குல உங்க பேரையும் சேத்து, ரெண்டு பேர்ல யார் வேணா தனியா எடுக்கலாம்ங்கற மாதிரி மாத்தி வச்சுடுங்க, மாசச் செலவு நிக்காம ஓடும்.

பவர் கொடுத்துட்டா தன் உரிமை போயிடுமோன்னு அப்பா தயங்கலாம். போகாது, அவரும் முன்ன மாதிரியே எல்லாம் பண்ணலாம், தெளிவா இருக்கற வரைக்கும் எப்ப வேணா கேன்சல் பண்ணலாம், ஆனா கேன்சல் பண்ணா உங்களுக்கும் பேங்குக்கும் எழுத்துல தெரிவிக்கணும், பதிவு பண்ண பத்திரம்னா ரத்தையும் பதிவு பண்ணணும். உயில மட்டும் அவருக்காக நீங்க எழுத முடியாது.

அவரு பணத்தையும் உங்க பணத்தையும் கலக்காதீங்க. ஒரு நோட்டு போட்டு தேதி, தொகை, எதுக்குன்னு எழுதி ரசீத ஒட்டி வைங்க, கூடப்பிறந்தவங்க இருந்தா கேக்கறதுக்கு முன்னாடியே காட்டுங்க. அப்பா காலமானா அந்த நிமிஷமே பவர் முடிஞ்சுடும், அதுக்கப்புறம் இறுதிச் செலவுக்குன்னு கூட அந்த பவர வச்சு பணம் எடுக்கக்கூடாது.