சொல் புதிர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சமூக மன்றத்தில் தமிழ்மொழி விழாவுக்கு எழுத்து நீக்கும் விடுகதை நடத்துகிறோம். நானே எழுதினால் பாதியில் நின்றுவிடுகிறது. ஏன்? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். மூன்றெழுத்துச் சொல்லாக எடுத்து, முதலில் இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசையில் தமிழ்ச்சொல் தொடங்காது. அதனால் 'கடலை'யில் நடுவெழுத்தை எடுத்தால் 'கலை' கிடைக்கும். முதலெழுத்தை எடுத்தால் 'டலை', வீண். இரண்டாவது புள்ளி எழுத்தானால் இன்னும் மோசம்: 'பட்டு' முதலும் போகாது, கடைசியும் போகாது.

மூன்று பக்கமும் உடையும் சொற்கள் அரிது. அருமையான ஒன்று:

மூன்றெழுத்து, வண்டி இழுப்பேன்.
தலை போனால் மேடையில் தொங்குவேன்.
இடை போனால் நாய்க்கு இடும் கட்டளை.
கடை போனால் துள்ளச் சொல்வேன்.

விடை குதிரை: திரை, குரை, குதி. 'கவிதை'யும் இப்படியே: விதை, கதை, கவி.

வாயால் மட்டும் கேட்காதீர்கள். 'குரை' பலர் காதில் 'குறை'யாக விழும்; விடையை அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: 'கொக்கு'க்கு ஐந்து கட்டம் போட்டேன். மகள் மூன்று என்கிறாள். (வாசகர், பிடோக்)

பதில்: மகள் சொல்வதே சரி. கொ, க், கு. கொம்புக்கும் காலுக்கும் தனிக் கட்டம் கிடையாது, புள்ளி எழுத்துக்கு உண்டு.