வெயிலும் வறட்சியும் ஒயின் திராட்சையின் தரத்தை எப்படி மாற்றுகின்றன?

கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஒயின் திராட்சை நட்டால் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் பழத்தைக் கெடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

காய் நிறம் மாறுவதற்கு முன் அளவான தட்டுப்பாடு வந்தால், பழம் சிறுத்து, சாற்றோடு ஒப்பிடத் தோலின் பங்கு கூடுவதால், சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் ஏறும். கடுமையானால் இலைத்துளைகள் மூடி, ஒளிச்சேர்க்கை குன்றி, பழம் சுருங்கிவிடும். கணவாய்க் காற்று இலையின் ஈரத்தை இழுப்பதால் அங்கே இது சீக்கிரமே நேரும்.

எனக்குப் பெரிய கவலை வெப்பம்தான். 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தோலில் நிறமி உருவாவது தடைபடும். பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலமும் வேகமாகச் சிதையும். நம் மாவட்டத்தில் இரவும் போதிய அளவு குளிராததால் அமிலம் மேலும் குறைந்து, ஒயின் சப்பென்றாகிவிடும். ஆகவே, மேற்கு வெயில் படும் பக்கத்து இலைகளைக் கிள்ளாமல், குலைகளுக்கு நிழலாக விட்டுவையுங்கள்.